கடையில் நிற்கும் பிள்ளைகள் கேட்டவை: சம்பளம், ஓவர்டைம், லீவு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை டவுன்களில் துணிக்கடை, பென்சிக் கடை, மலிவுவிலைக் கடை, சுப்பர் மார்க்கட் என்று நிற்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்து வருகிறவர்கள். தோட்டத்தில் அம்மாவுக்குச் சங்கம் இருக்கிறது, தோட்டத் தலைவர் இருக்கிறார், பெயர் விழச் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேடு இருக்கிறது. டவுன் கடையில் நிற்கும் மகளுக்கு முதலாளியின் மனசு மட்டும்தான் என்று வீட்டிலும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அவர்களுக்கென்று 1954-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அந்த வருடத்தின் 19-ஆம் இலக்கச் சட்டம், கடை அலுவலக ஊழியர் சட்டம் என்று சொல்வோம். நானும் ஏழு வருடம் ஒரு துணிக்கடையில் நின்றவள். அதற்குப் பிறகுதான் இந்த முறைப்பாடு எழுதிக்கொடுக்கும் வேலைக்கு வந்தேன். இந்த முறை வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: காலை 8 மணிக்குக் கடையில் நிற்க வேண்டும். இரவு 8 மணிக்குத்தான் விடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு. சம்பளம் 30,000 ரூபா. வெளிநாட்டில் மணித்தியாலக் கணக்கில் சம்பளம் என்கிறார்கள். எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு? (ஹட்டன்)

நம் நாட்டில் ஆகக்குறைந்த சம்பளத்தை மாதத்துக்கும் நாளுக்கும்தான் சட்டம் வைத்திருக்கிறது. 2016-இல் அந்தச் சட்டம் வந்தபோது மாதம் 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து மாதம் 27,000, நாள் 1,080. 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து மாதம் 30,000, நாள் 1,200. ஆக, உங்கள் முதலாளி கொடுப்பது சட்டத்தின் அடிமட்டம். அதற்குக் கீழே ஒரு ரூபா குறைத்தாலும் குற்றம். 'ட்ரெய்னிங்' என்று சொல்லிக் குறைக்கவும் முடியாது.

சரி, மணித்தியாலக் கணக்குக்கு வருவோம். கடை ஊழியருக்கு ஓவர்டைம் போடும்போது மாதச் சம்பளத்தை 240-ஆல் பிரிக்க வேண்டும். 30,000-ஐ 240-ஆல் பிரித்தால் 125 ரூபா. அதுதான் உங்கள் ஒரு மணித்தியாலம். ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 187 ரூபா 50 சதம்.

இனி உங்கள் வாரத்தை எடுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை 12 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் 11. ஆறு நாளுக்கு 66. சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான். மிச்சம் 21 மணித்தியாலமும் ஓவர்டைம். 21-ஐ 187.50-ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 3,937 ரூபா 50 சதம். நான்கு வாரத்துக்கு 15,750 ரூபா. சம்பளத்தில் பாதிக்கும் மேல் இன்னொரு சம்பளம் ஒவ்வொரு மாதமும் உங்கள் கைக்கு வராமல் போகிறது, தங்கச்சி. இதை முதல்முறை கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. காசு கொடுத்தாலும்கூட வாரத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கச் சட்டம் விடாது. வாரத்தில் 28 மணித்தியாலமாவது வேலை செய்த ஒருவருக்குச் சம்பளத்தோடு ஒன்றரை நாள் லீவு கொடுக்கவும் வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள். அந்த அரை நாள் எங்கே என்று கேளுங்கள்.

'சரி அக்கா, எப்படி நிரூபிப்பது?' என்று கேட்பீர்கள். நான் நின்ற கடையில் கையெழுத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் வந்த நேரம் 8, போன நேரம் 5 என்று முதலாளியின் ஆளே எழுதிவைத்திருப்பார். நாங்கள் கையெழுத்து மட்டும்தான் வைப்போம். நான் ஒரு சி.ஆர். கொப்பியில் தினமும் வந்த நேரம், போன நேரம், சாப்பிட விட்ட நேரம் மூன்றையும் எழுதிவந்தேன். கடைசி பஸ்ஸில் கிடைத்த டிக்கட்டையும் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டினேன். பிறகு விசாரணைக்குப் போனபோது அவர்களுடைய புத்தகத்தை விட என் கொப்பியைத்தான் அதிகாரி அதிக நேரம் புரட்டிப் பார்த்தார். கடையை மூடிய பிறகு கூட்டுவது, துணி மடிப்பது, ஸ்டொக் எண்ணுவது எல்லாம் வேலை நேரம்தான். ஷட்டர் இறங்கிய நேரத்தை எழுதாமல், நீங்கள் வெளியே காலெடுத்து வைத்த நேரத்தை எழுதுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் போனால்தான் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவோம் என்கிறார்கள். அப்புறம் கட்டினாலும் சம்பளத்தில் 20 வீதம் வெட்டுவார்களாம். சரியா? (தலவாக்கலை)

இரண்டும் பிழை. 1958-ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். கடையில் ஒரேயொரு ஆள் நின்றாலும் கட்ட வேண்டும். தற்காலிகம், பயிற்சி, சீசன் ஆள் என்ற பேதமும் இல்லை.

உங்கள் சம்பளத்தில் வெட்டலாமென்றால் 8 வீதம் மட்டும். மற்ற 12 வீதம் முதலாளியின் பையிலிருந்து வர வேண்டும். இது தவிர ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதுதான் ஈ.டி.எஃப்., இன்னொரு 3 வீதமும் முதலாளிதான் கட்டுவார். 30,000 ரூபா சம்பளத்தில் உங்களிடமிருந்து 2,400, அவரிடமிருந்து 3,600, நம்பிக்கை நிதிக்கு 900. 20 வீதம், அதாவது 6,000 ரூபாவை உங்களிடமே வெட்டினால் அவருடைய பங்கையும் உங்கள் காசிலேயே கட்டுகிறார் என்று அர்த்தம். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சீட்டே தரவில்லையென்றால் கையில் வந்த தொகையைத் திகதியோடு கொப்பியில் எழுதிவையுங்கள்.

எதைச் சேர்த்து 8 வீதம் பார்ப்பது என்பதிலும் ஏமாற்றுகிறார்கள். ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் வராது. ஆனால் வாழ்க்கைச் செலவுப்படி, விற்பனைக் கமிஷன், லீவு நாள் சம்பளம் எல்லாம் வரும். கடையில் போடும் மத்தியானச் சோற்றின் பெறுமதிகூட வரும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்து மீதியை 'அலவன்ஸ்' என்று எழுதியிருந்தால் விடாதீர்கள்.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு கஷ்டம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், கடைக்காரர் எழுதிக்கொடுத்ததில் மூன்றாவது ஒரு பெயர். அப்பாவின் பெயர் முன்னால் போனதா பின்னால் போனதா என்ற ஒன்றுக்காக, இருபது வருடக் காசை எடுக்க அலைந்த அம்மாமார்களை நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சேரும் அன்றே அடையாள அட்டையில் உள்ளபடி பெயரும் இலக்கமும் எழுதப்பட்டதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அங்கத்துவ இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தீபாவளிக்குக் கடையில் லீவு இல்லை என்கிறார்கள். போயாவுக்கும் (பௌர்ணமி விடுமுறைக்கும்) நிற்கச் சொல்கிறார்கள். (நுவரெலியா)

தீபாவளியைப் பற்றிச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அது அரசாங்க விடுமுறை, வங்கி விடுமுறை. கடை ஊழியருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய விடுமுறைகளில் அது இல்லை. அந்தப் பட்டியலில் தைப்பொங்கல், சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாளும் புத்தாண்டும், மே தினம், மீலாத் நபி, வெசாக்குக்கு அடுத்த நாள், நத்தார் ஆகிய எட்டும் இருக்கின்றன. மலையகத்தில் பொங்கலை விடத் தீபாவளிதான் பெரிய பண்டிகை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. இது மாற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்வேன்.

அதுவரைக்கும் உங்கள் சொந்த லீவை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 7 நாள் தற்செயல் லீவு உண்டு. முதல் வருடத்தில் இரண்டு மாதம் முடிந்தால் ஒரு நாள் என்ற கணக்கு. இரண்டாம் வருடத்திலிருந்து வருடாந்த லீவும் சேரும், முழுதாக வந்தால் 14 நாள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். சீசன் நேரத்தில் வாய்ப் பேச்சு எடுபடாது.

மேலே சொன்ன எட்டு நாளில் வேலை வாங்கினால், டிசம்பர் 31-க்குள் சம்பளத்தோடு பதில் லீவு தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம். போயா தினத்தில் நின்றால் ஒன்றரை நாள் சம்பளம்.

கேள்வி: காசாளராக நிற்கிறேன். இரவு எண்ணும்போது குறைந்தால் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். (பண்டாரவளை)

உங்கள் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கைவைக்க முடியாது. 'குறைந்தால் பிடிக்கலாம்' என்று சேரும்போதே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் முறைப்பாட்டில் சொல்லுங்கள். காசுப் பெட்டியில் உங்களைத் தவிர வேறு யாரெல்லாம் கைவைக்கிறார்கள் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். எண்ணும்போது பக்கத்தில் நின்று, எண்ணியவரின் கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. கொழும்பில் ஒரு கடைக்கு ஆள் கேட்கிறார்கள். சாப்பாடு, தங்குமிடம், மாதம் 20,000. வீட்டில் கடன் இருக்கிறது. அனுப்பலாமா? (மஸ்கெலியா)

அனுப்பாதீர்கள், அண்ணா. 2021-இல் சட்டம் மாறியது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். கட்டாயக் கல்வி வயதும் 16 வரைதான். பிள்ளை மாட்டமாட்டான், வைத்திருப்பவர்தான் மாட்டுவார். ஆனால் அந்தப் பயத்திலேயே பிள்ளையை எந்தப் பதிவிலும் காட்டமாட்டார்கள். பெயர் எங்கும் இல்லாத பிள்ளைக்குக் கை வெட்டுப்பட்டாலும், மாதச் சம்பளம் நின்றாலும் கேட்க ஒரு தாளும் இராது. நம் தோட்டங்களிலிருந்து புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் போய் அப்படித் திரும்பி வந்த பையன்களை எனக்குத் தெரியும். கடனுக்கு வேறு வழி தேட என்னோடு பேசுங்கள். சாதாரண தரப் பரீட்சையை எழுதட்டும். 16 முடிந்த பிறகு போவதென்றாலும் நியமனக் கடிதம் கைக்கு வராமல் பஸ் ஏற்றாதீர்கள். சேரும் நாளிலேயே வேலையின் விவரங்களை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை.

கேள்வி: மூன்றாவது பிள்ளைக்கு பிரசவ லீவு பாதிதான் என்கிறார் மனேஜர். (கொட்டகலை)

அது பழைய சட்டம். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள், முழுச் சம்பளத்தோடு. வார லீவும் போயாவும் சட்ட விடுமுறைகளும் இந்த 84-இல் சேராது.

கேள்வி: நான்கு வருடம் 10 மாதமாகிறது. 'ராஜினாமா எழுதித் தா, அடுத்த மாதம் புதிதாகச் சேர்க்கிறோம்' என்கிறார்கள். எழுதலாமா? (பதுளை)

எழுதாதீர்கள். இன்னும் இரண்டு மாதத்தில் உங்களுக்குச் சேவைக்காலப் பணத்தின் (கிராஜுவிட்டி) உரிமை வருகிறது. 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி. 30,000 ரூபா வாங்குகிறவருக்கு ஐந்து வருடத்துக்கு 75,000. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

'எங்கள் கடையில் ஆறு பேர்தான், 15 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டம்' என்று சொல்வார்கள். சட்டம் எண்ணுவது முதலாளியின் ஆட்களை. உங்கள் கிளையில் ஆறு பேர், மற்றக் கிளைகளில் எத்தனை? கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் மொத்தம் 15 பேர் இருந்தாலே போதும். தீபாவளிக்கு எடுத்த சீசன் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். உண்மையாகவே 15 பேர் இல்லாத கடையென்றால் தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் கேட்க வழி இருக்கிறது.

கேள்வி: நேற்று போன் எடுத்து 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்றார்கள். இரண்டு வருடம் நின்றேன். காரணம் சொல்லவில்லை. என்ன செய்ய? (இராகலை)

முதலில் நாளைக் காலை வழக்கம்போலக் கடைக்குப் போங்கள். உள்ளே விடவில்லையென்றால் யாரையாவது சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அன்றே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: இன்ன திகதி வேலைக்கு வந்தேன், இன்னார் தடுத்தார், காரணத்தை எழுத்தில் தாருங்கள். போகாமல் வீட்டில் இருந்துவிட்டால் 'தானாகவே நின்றுவிட்டாள்' என்று மாற்றி எழுதுவார்கள். இது எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒழுக்கக் காரணமென்றால், நிறுத்திய பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வேறு காரணமென்றால் உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். சின்னக் கடையானாலும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். சட்டத்தரணி இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். 'பேசிப் பார்ப்போம், திரும்ப எடுப்போம்' என்று இழுத்தே அந்த ஆறு மாதத்தைத் தின்றுவிடுவார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள்.

வராத சம்பளம், ஓவர்டைம், ஈ.பி.எஃப். மூன்றுக்கும் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் தனியாக முறைப்பாடு கொடுங்கள். போகும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், கொப்பி, போனில் வந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். அந்த அழைப்பு வந்த நேரத்தை இப்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். போனில் உள்ள அழைப்புப் பட்டியலை யாரையும் அழிக்க விடாதீர்கள்.