செட்டில்மெண்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 73 வயது. நங்கநல்லூரில் இருக்கிறேன். ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பணத்தில் என் பெயரிலேயே வாங்கிய வீடு. கணவர் காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் என்னோடு இருக்கிறார்கள், மகள் கோவையில். வீட்டை இப்போதே மகன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவிடச் சொல்கிறார், மகனுக்குத் தெரிந்த ஒரு பத்திர புரோக்கர். உயில் எழுதினால் ஐகோர்ட்டில் புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்க வருஷக்கணக்கில் அலைய வேண்டுமாம், லட்சக்கணக்கில் செலவாகுமாம். பத்து நாள் முன்பு ஜெராக்ஸ் எடுக்க மூலப்பத்திரத்தையும் வாங்கிப் போனார். மகன் நல்லவன்தான். ஆனாலும், பின்னால் என்னை வெளியே போகச் சொன்னால் என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தப் புரோக்கர் கொண்டுவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் புரோபேட் பூச்சாண்டி. சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் சொத்துக்கு உயில் எழுதினால், புரோபேட் இல்லாமல் அந்த உயிலை வைத்து உரிமை கோர முடியாது என்றொரு விதி இருந்தது உண்மை. வெள்ளைக்காரன் காலத்து விதி. செங்கல்பட்டில் வீடு இருப்பவருக்கு இல்லாத தொல்லை மயிலாப்பூரில் இருப்பவருக்கு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம். நாற்பது வருஷமாக அந்த ஒரு பயத்தைக் காட்டியே எத்தனையோ பெரியவர்களைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவார்களா?

செட்டில்மெண்டுக்கும் உயிலுக்கும் வித்தியாசம் இதுதான். செட்டில்மெண்ட் என்றால் பதிவான அன்றே வீடு மகனுடையது. மறுநாளே அவர் அதை அடமானம் வைத்துத் தொழிலுக்குக் கடன் வாங்கலாம், விற்கவும் செய்யலாம். மகன் தங்கமாகவே இருக்கட்டும். அவர் கடனில் மாட்டிக்கொண்டால் நோட்டீஸ் ஒட்டப்படுவது உங்கள் வாசல் கதவில்தான். உயில் அப்படியில்லை. உங்கள் மூச்சு இருக்கும்வரை வீடு உங்களுடையது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவிடுங்கள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நல்ல நினைவோடு இருக்கிறீர்கள் என்று ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அதையும் உயிலில் எழுதலாம். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறகு வரும் சண்டை பாதி அதிலேயே அடங்கும்.

குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுத, தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. அதற்கு மேல் ‘ஆபீஸ் செலவு’ என்று புரோக்கர் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்று மகனிடம் விசாரித்துப் பாருங்கள். அவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பது புரியும்.

இல்லை, மகனுக்கு இப்போதே எழுதினால்தான் வீட்டில் நிம்மதி என்கிறீர்களா? எழுதுங்கள். ஆனால் பத்திரத்தின் உள்ளேயே இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு. இரண்டு, சாப்பாடு, மருத்துவம், பராமரிப்பு எல்லாம் மகன் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எழுதிக்கொடுக்கிறீர்கள் என்பது. புரோக்கர்களின் கம்ப்யூட்டரில் எப்போதும் ஒரே வாசகம்தான் இருக்கும்: அன்பினாலும் பாசத்தினாலும் கொடுத்தேன், எக்காரணம் கொண்டும் ரத்து செய்யமாட்டேன். பெயரை மட்டும் மாற்றி அச்செடுப்பார்கள். போன வருஷம் ஒரு பதிவு அலுவலகத்தில், கண்புரை ஆபரேஷன் முடிந்து பச்சைத்துணி கட்டிய கண்ணோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினார்களா என்று கேட்டேன். “நம்ம பையன்தானே சார்” என்றார்.

நிபந்தனை எழுதாமலே கொடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது? தினம் நாலு பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் 23-ஆம் பிரிவு இருக்கிறது. கவனிப்பேன் என்ற நிபந்தனையில் சொத்தை வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோருக்காக வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயாரின் தானப்பத்திரத்தை ரத்து செய்தது. ஆனால் அந்த வழக்கில், கவனித்துக்கொள்வதாக மகன் தனியாக ஒரு உறுதிமொழி எழுதிக்கொடுத்திருந்தார் என்று தாயார் காட்டினார். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் இந்தப் பகுதி மட்டும் இருக்காது! அதே ஆண்டு மார்ச்சில் சென்னை ஐகோர்ட், அன்பினால் கொடுத்தேன் என்பதிலேயே கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை மறைந்திருக்கிறது என்றது. சந்தோஷம். ஆனால் எந்தத் தீர்ப்பை எந்த அதிகாரி எப்படிப் படிப்பார் என்பதை நம்பி வீட்டை எழுதிக்கொடுக்கலாமா? நீங்களாகப் போய் ஒரு ரத்துப்பத்திரம் பதிவு செய்துவிடவும் முடியாது.

மனு கொடுக்க வேண்டியது கோட்டாட்சியரிடம். வக்கீல் தேவையில்லை, நீங்களே எழுதிக்கொடுக்கலாம். ஆனால் அவருக்குத்தான் பட்டா, தேர்தல், வெள்ளம் எல்லாம். உங்கள் மனு அதற்கு நடுவில் எங்கோ இருக்கும். மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்டால், நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுக்காரர்களைக் கேட்டால் நிலவரம் தெரியும். அந்த ஜீவனாம்சத்துக்கும் இந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். சென்னையில் இரண்டு மாத்திரை அட்டைக்கும் ஒரு ஸ்கேனுக்கும் சரியாகப் போகும்.

மாடிப்படி ஏற முடியாது என்றால் உயிலைப் பதிவு செய்ய சார்பதிவாளரை வீட்டுக்கே வரச் சொல்லி மனு போடலாம், தனிக் கட்டணம் உண்டு. இதைப் புரோக்கர் மூலமாகச் செய்யாதீர்கள். மகளோ நம்பிக்கையான உறவினரோ நேராகப் போய்க் கேட்கட்டும்.

அதெல்லாம் அடுத்த வாரம். இன்று சாயங்காலம் அந்த மூலப்பத்திரத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ஜெராக்ஸ் எடுக்கப் பத்து நாள் ஆகாது.