தோஹாவில் ஒழுங்காகக் கட்டியவருக்கு கொழும்பில் ஏன் லீசிங் இல்லை?

கேள்வி: பதினொரு வருடம் தோஹாவில் வேலை செய்துவிட்டு நான்கு மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு திரும்பினேன். வெள்ளவத்தையில் வாடகை வீடு. கோட்டையில் ஒரு கம்பனியில் வேலை, அடிப்படைச் சம்பளம் 140,000 ரூபாய். அங்கே கிரெடிட் கார்ட் காசை ஒருநாளும் பிந்திக் கட்டியதில்லை. இங்கே கார் லீசிங் கேட்டால், “கிரிப்பில் உங்களுக்கு ஒன்றுமே இல்லையே” (கடன் பதிவுகளை வைத்திருக்கும் பணியகமாம்) என்று கையை விரிக்கிறார்கள். சம்பளமும் போதவில்லை, சேமிப்பில் 9 இலட்சம் கரைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் காரைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். எனக்குக் கவலை தருவது அந்த 9 இலட்சம்தான்.

140,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 11,200 போனால் கைக்கு வருவது 128,800. அதற்கு மேல் நான்கு மாதத்தில் 9 இலட்சம் என்றால் மாதம் 225,000. ஆக, உங்கள் வீட்டில் மாதம் மூன்றரை இலட்சத்துக்கு மேல் செலவாகிறது. இதில் வீட்டு அட்வான்ஸ், பிரிட்ஜ், பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதி போன்றவை ஒருமுறைச் செலவுகள். அவற்றை ஒரு பக்கத்தில் தனியாக எழுதுங்கள். அட்வான்ஸ் எப்படியும் வீட்டை விடும்போது திரும்பி வர வேண்டிய காசு. மிச்சமிருப்பதுதான் உண்மையான மாதச் செலவு. அது 128,800ஐத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

தாண்டும் என்றுதான் நினைக்கிறேன். வளைகுடாவிலிருந்து வந்த பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். காலி வீதிக் கடையில் ஒரு பொருளை எடுத்ததும் மனம் றியாலில் கணக்குப் போடும். “ஐம்பது றியால்தானே” என்று கூடைக்குள் போட்டுவிடுவோம். ஆனால் சம்பளம் இப்போது ரூபாயில் வருகிறது. அந்த ஐம்பது றியாலை உழைக்க இங்கே கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை செய்ய வேண்டும்.

சேமிப்பிலிருந்து எடுக்கத்தான் வேண்டுமென்றால், தொகையை முன்கூட்டியே முடிவு செய்து மாதம் ஒரேயொரு முறை எடுங்கள். ஏ.டி.எம்.மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும்போது எவ்வளவு போனதென்றே தெரியாது. ஆறு மாதச் செலவைச் சாதாரணக் கணக்கில் விட்டுவிட்டு, மீதியைப் பிரித்து நிலையான வைப்பில் போடுங்கள். வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம். வெளிநாட்டு நாணயக் கணக்கில் இருப்பதை அவசரப்பட்டு ரூபாயாக்கவும் வேண்டாம். 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்த விதத்தை நாம் யாரும் மறக்கவில்லை.

சரி, இனி கிரிப். கிரிப் என்பது கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இங்குள்ள வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் கொடுக்கும் விபரம்தான் அங்கே ஏறும். தோஹாவில் நீங்கள் கட்டியது அங்குள்ள பதிவேட்டோடு நின்றுவிட்டது. ஒன்றும் இல்லை என்பது கெட்ட பெயர் அல்ல. வங்கிக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். கிரிப்பில் ‘கறுப்புப் பட்டியல்’ என்று ஒன்று கிடையாது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பதும் அந்தந்த வங்கிதான்.

முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். போவதற்கு முன் யாருக்காவது பிணைக் கையெழுத்து வைத்தீர்களா? அதுவும் அதில் வரும். என் மைத்துனர் நண்பனின் வான் லீசிங்குக்குப் பிணை நின்றார். நண்பன் கட்டாமல் விட்டது, பல வருடம் கழித்து இவர் வீட்டுக் கடன் கேட்டுப் போன அன்றுதான் தெரிந்தது. அறிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் விறாந்தையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அவருடைய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது ‘வெளிநாட்டால் வந்தவர்’ என்று உங்களிடமும் பிணை கேட்டு வருவார்கள். சொந்தமாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் போடும் வைப்பில் சிறிய ஒன்றை ஈடாக வைத்து அதே வங்கியில் ஒரு கிரெடிட் கார்ட் கேளுங்கள். வைப்பு ஈடாக இருப்பதால் பொதுவாக மறுக்கமாட்டார்கள். அதில் மின்சார பில், தொலைபேசி பில் இரண்டை மட்டும் கட்டுங்கள். கார்ட்டின் மாதக் கணக்குக் கூற்று வந்ததும், குறைந்தபட்சத் தொகையை அல்ல, முழுத் தொகையையும் உரிய திகதிக்கு முன் கட்டுங்கள். மாதாமாதம் தானாகவே கட்டும்படி வங்கியிடம் நிலையியற் கட்டளை கொடுத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. கார்ட் கையில் இருக்கிறதென்று ஒரே வாரத்தில் நாலு இடத்தில் லீசிங் கேட்டு அலையாதீர்கள். யார் யார் உங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்பதும் பதிவாகும். சீட்டுக் கட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது கிரிப்பில் ஏறாது.

ஒரு வருடம் இப்படிக் கட்டுங்கள். அதுவரை வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயில் இருக்கிறது, சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். லீசிங் தவணை என்று நீங்கள் நினைத்து வைத்திருந்த தொகையை அந்த ஒரு வருடமும் மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இடையில் ஒரு மாதமாவது அதில் கைவைக்க நேர்ந்தால், காரை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியோடு உட்காருங்கள், தம்பி. மனைவியையும் பக்கத்தில் இருத்துங்கள். பால்மா என்ன விலை, பள்ளிக்கூட வானுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கும்.