கடிதங்களாலான நாவலை மௌனப் படமாக எப்படி எடுத்தார்கள்?

மௌனப் படத்தில் நடிகரின் குரல் பதிவாகாது. முக்கியமான பேச்சு மட்டும் காட்சிகளுக்கு நடுவே எழுத்தாகத் திரையில் வரும். ரயிலின் மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே பேசுவது மாதிரிதான்: முதலில் சைகை, புரியாவிட்டால் காகிதத்தில் எழுதிக் காட்டுவோம்.

ஜீன் வெப்ஸ்டரின் 'டாடி லாங் லெக்ஸ்' (1912) அநாதை இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் கதை; பெரும்பாலும் அவள் எழுதும் கடிதங்களால் ஆன நாவல். அத்தனையையும் திரையில் எழுதிக் காட்டினால் படம் நகராது. அதனால் 1919இல் வந்த படத்தில் அநாதை இல்லக் காட்சிகளை விரித்தார்கள். சாப்பாட்டில் போடும் பிளம்ஸ் வற்றலை எதிர்த்துக் குழந்தைகள் செய்யும் கலகம் சிரிக்க வைக்கும்; கொஞ்ச நேரத்தில் நாயகியாக நடித்த மேரி பிக்ஃபோர்டின் முகம் கலங்க வைக்கும். அருமையான நடிப்பு!

அப்புறம், மௌனப் படம் என்றால் அரங்கமும் நிசப்தமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். பியானோவோ ஆர்கனோ பொதுவாகக் கூடவே ஒலிக்கும்.