வாசகர் கேள்வி பதில்: இரண்டு குழுவை ஒப்பிட எந்த டெஸ்ட்?

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக, மூச்சுப்பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களுக்கு ரத்த அழுத்தம் எடுத்திருக்கிறேன். ஒரு சீனியர் "இன்டிபென்டன்ட் டி-டெஸ்ட் போடு" என்கிறார், இன்னொருவர் "பேர்டு டி-டெஸ்ட்" என்கிறார். எதைப் போட்டாலும் சராசரி வித்தியாசம் ஒன்றுதானே?
– மாணவி, நாகர்கோவில்

வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் முடிவு ஒன்றாக இருக்காது. டி-டெஸ்ட் என்பது இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக வந்ததாக இருக்குமா என்று பார்க்கும் கணக்கு. இன்டிபென்டன்ட் என்றால் வெவ்வேறு ஆட்கள் கொண்ட இரண்டு குழுவுக்கு, பேர்டு என்றால் அதே ஆட்களின் இரண்டு அளவுகளை ஜோடி சேர்த்துப் பார்ப்பதற்கு. உங்களுக்கு வேண்டியது பேர்டு டி-டெஸ்ட். ஏன் என்பதை, இந்த டெஸ்ட் பிறந்தபோதே பயன்பட்ட கணக்கை வைத்துச் சொல்கிறேன், நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார் (ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடக் கூடாது என்று கம்பெனியில் கட்டுப்பாடு). அதில் அவர் எடுத்துக்கொண்டது, குஷ்னியும் பீபிள்ஸும் 1905-இல் வெளியிட்ட தூக்க மருந்து அளவுகள். 10 நோயாளிகள், இரண்டு மருந்துகள், ஒவ்வொரு மருந்துக்கும் வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற கணக்கு. முதல் மருந்தில் சராசரி 0.75 மணி, இரண்டாவதில் 2.33 மணி, வித்தியாசம் 1.58 மணி.

இந்த 20 எண்களையும் வெவ்வேறு 20 ஆட்களுடையது என்று நினைத்து இன்டிபென்டன்ட் டெஸ்ட் போட்டால் டி (வித்தியாசம் தற்செயல் ஏற்ற இறக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 1.86, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வர உள்ள வாய்ப்பு) 0.08 வரும். வழக்கமான வரம்பு 0.05. "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை" என்று எழுதி முடித்துவிடுவீர்கள். அதே எண்களை ஆளுக்கு ஆள் ஜோடி சேர்த்துப் போட்டால் டி 4.06, பி மதிப்பு 0.003.

காரணம் எண்களுக்குள்ளேயே தெரிகிறது. இரண்டாம் நோயாளிக்கு முதல் மருந்தில் தூக்கம் 1.6 மணி குறைந்திருக்கிறது, இரண்டாவதில் 0.8 மணி கூடியிருக்கிறது. ஏழாம் நோயாளி முதல் மருந்திலேயே 3.7 மணி கூடுதலாகத் தூங்கியவர், இரண்டாவதில் 5.5. ஆளுக்கு ஆள் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது, தனித்தனிக் குழுவாக எடுத்தால் மருந்துகளின் வித்தியாசம் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். ஒரே ஆளின் இரண்டு எண்களைக் கழித்தாலோ, அந்த ஆளுடைய தனிப்பட்ட வாகு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். கழித்து வந்த 10 விடைகளில் ஒன்றுகூட மைனஸ் இல்லை. ஐந்தாம் ஆளுக்குப் பூஜ்யம், ஒன்பதாம் ஆளுக்கு 4.6, மற்ற எட்டுப் பேருக்கும் 0.8 முதல் 2.4 வரை. அந்த 4.6 மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது பாருங்கள், உங்கள் டேட்டாவிலும் இப்படி ஒன்று இருந்தால் டைப் பண்ணும்போது தப்பானதா என்று முதலில் நோட்டைப் பாருங்கள். சரியான அளவுதான் என்றால் வில்காக்சன் முறையையும் சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள், அது எண்ணை எடுத்துக்கொள்ளாமல் வரிசையைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் ப்ராஜெக்டில் பயிற்சி செய்யாத குழு என்று ஒன்று இருக்கிறதா? ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களையே பொறுக்கி எடுத்திருந்தால், எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே அடுத்த முறை அளக்கும்போது சராசரி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஏனென்றால் அன்றைக்கு மட்டும் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பேர்டு டெஸ்ட் இதைக் கண்டுபிடிக்காது. ஒப்பிட ஒரு குழு இருந்தால், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு இறங்கியது என்று கணக்கிட்டு, அந்த இறக்கத்தை இரண்டு குழுவுக்கும் நடுவே ஒப்பிடுங்கள். அந்த இடத்தில்தான் இன்டிபென்டன்ட் டெஸ்ட் வரும்.

என் ஆய்வில் ஒரு குழுவில் 60 பேர், இன்னொன்றில் 15 பேர். இன்டிபென்டன்ட் டி-டெஸ்ட் போட்டால் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இரண்டு வரியாக விடை தருகிறது. எந்த வரியை எடுப்பது?
– ஆய்வு மாணவர், கும்பகோணம்

கீழ் வரியை. இரண்டு குழுவின் பரவலும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) சமம் என்று வைத்துக்கொள்ளாமல் போட்ட கணக்கு அது, வெல்ச் என்பவர் 1947-இல் தந்த முறை. சின்னக் குழுவில் பரவல் பெரிதாக இருந்தால் மேல் வரி இல்லாத வித்தியாசத்தையும் இருக்கிறதென்று அடிக்கடி சொல்லிவிடும். பரவல் சமமா என்று பார்க்கும் லெவீன் டெஸ்டைப் பார்த்து வரியை மாற்றுவதும் வேண்டாம், எப்போதும் வெல்ச் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆர் மென்பொருள் கேட்காமலே அதைத்தான் போடுகிறது.

எங்கள் பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளைகளின் எடையையும் சாப்பிடாத பிள்ளைகளின் எடையையும் எடுத்து ஒப்பிட்டால், உணவின் பயன் தெரிந்துவிடும் அல்லவா?
– ஆசிரியை, விருதுநகர்

தெரியாது, டீச்சர். நல்ல எண்ணத்தோடு கேட்கிறீர்கள், அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1930-இல் ஸ்காட்லாந்தில் லானார்க்ஷயர் பகுதியில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 10,000 பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் முக்கால் பைன்ட் (சுமார் 425 மில்லி) பால், இன்னொரு 10,000 பேருக்குப் பால் கிடையாது. நாலு மாதம் கழித்து உயரமும் எடையும் எவ்வளவு கூடின என்று பார்த்தார்கள். 20,000 பேர் என்றதும் இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் பிரிக்கும்போது ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். ஒரு குழுவில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகளோ நோஞ்சான்களோ அதிகமாகச் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஏழைப் பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று எந்த ஆசிரியருக்கும் மனசு போகும்தானே. விளைவு, பால் குடிக்காத குழு தொடக்கத்திலேயே உயரத்திலும் எடையிலும் முன்னால் நின்றது. 1931-இல் இதை எடுத்துக்காட்டியவர் மேலே சொன்ன அதே கோசெட். அவர் உடுப்பைக்கூட விடவில்லை: பிள்ளைகளை உடையோடு எடை போட்டார்கள், முதல் எடை பிப்ரவரிக் குளிரில், கடைசி எடை ஜூனில். வசதியான பிள்ளை குளிருக்குக் கனமாக உடுத்தி வந்திருக்கும், ஜூனில் அந்தக் கனம் போய்விடும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு மாதத்திலும் உடுப்பில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. 50 ஜோடி ஒரே அச்சு இரட்டையர்களை எடுத்து, ஒருவருக்குப் பால் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் பார்த்திருந்தால் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்றார்.

உங்கள் பள்ளியிலும் காலை உணவுக்கு வருகிற பிள்ளைகளும் வராதவர்களும் வீட்டு நிலையிலேயே வேறுபட்டவர்களாக இருக்கலாம். யாரையும் பட்டினி போட்டுச் சோதிக்கவும் கூடாது. அதனால் இரண்டு எடைகளை அப்படியே வைத்து ஒப்பிடாதீர்கள். அதே பிள்ளைகளை அதே உடையில், அதே நேரத்தில், மாதாமாதம் எடை போட்டுக் குறித்து வையுங்கள். வயதும் தொடக்க எடையும் ஒத்திருக்கிறவர்களை ஜோடி சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பேசலாம். வருகைப் பதிவையும் கூடவே பாருங்கள், மாற்றம் எடையைவிட அதில் சீக்கிரம் தெரிய வாய்ப்புண்டு.

என்னிடம் சராசரி எதுவும் இல்லை, இத்தனை பேருக்கு நோய் வந்தது, இத்தனை பேருக்கு வரவில்லை என்ற எண்ணிக்கைதான். அதை எப்படி ஒப்பிடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

விகிதங்களை ஒப்பிட வேண்டும். 1954-இல் அமெரிக்காவில் நடந்த சால்க் போலியோ தடுப்பூசி சோதனையை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குத் தடுப்பூசியும் 2 லட்சம் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களில் லட்சத்துக்கு 28 பேருக்கும், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு 71 பேருக்கும் போலியோ வந்தது, அதாவது சுமார் 56 பேரும் 142 பேரும். ஊசி பயனற்றது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இந்த 198 பேரும் காசு சுண்டியது போல இரண்டு பக்கமும் பிரிந்திருக்க வேண்டும், பக்கத்துக்கு 99 பேர், திட்ட விலக்கம் (தற்செயலாக இப்படி அப்படி விலகும் வழக்கமான அளவு) 7. வந்ததோ 56. 43 குறைவு, திட்ட விலக்கத்தைப் போல ஆறு மடங்கு. தற்செயல் இவ்வளவு தூரம் போகாது.

இதே சோதனையில் பெற்றோர் மறுத்த பிள்ளைகளுக்கு லட்சத்துக்கு 46 பேர்தான் வந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிடக் குறைவு. சம்மதித்தவர்களில் வசதியான குடும்பங்கள் அதிகம், போலியோ சுத்தமான வீட்டுப் பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கியது, ஏனென்றால் மற்ற பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி இருக்கும்போதே கிருமி லேசாக வந்து போயிருக்கும். மறுத்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால் ஊசியின் பலன் பாதிக்கும் கீழே குறைந்து தெரிந்திருக்கும்.

பி மதிப்பு 0.06 வந்துவிட்டது. 0.05-க்குக் கீழே இறங்கும்வரை சாம்பிளைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆய்வாளர்

செய்யாதீர்கள். கொஞ்சம் சேர்ப்பது, டெஸ்ட் போட்டுப் பார்ப்பது, மறுபடி சேர்ப்பது என்று ஐந்து முறை பார்த்தால், இல்லாத வித்தியாசத்தை இருக்கிறதென்று சொல்லிவிடும், 5 சதவீதம் என்று நீங்கள் நம்பும் பிழை 14 சதவீதம் வரை போய்விடும். இடையில் பார்க்க வேண்டுமானால் எத்தனை முறை, எந்த வரம்பு என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இப்போதைக்கு 0.06 என்றே எழுதுங்கள், பக்கத்தில் வித்தியாசம் எவ்வளவு, அதன் 95 சதவீத இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) எதிலிருந்து எதுவரை என்று போடுங்கள். "வித்தியாசமே இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், உங்கள் எண்கள் அப்படிச் சொல்லவில்லை.