வாய்க்காலும் தாகமும்

கேள்வி: ஐயா, திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில் எங்கள் ஊர். பாட்டன் காலத்திலிருந்தே கத்தோலிக்கர்கள். அம்மா மாதம் தவறாமல் பூண்டி மாதா கோயிலுக்குப் போகிறவர். இரண்டு ஆண்டுகளாக நான் மறைஞான நூல்களைப் படித்து வருகிறேன். இயேசு ஒரு மனிதர், கிறிஸ்து என்பது எங்கும் நிறைந்த ஓர் உணர்வுநிலை என்று அவற்றிலிருந்து புரிந்துகொண்டேன். காவிரித் தண்ணீர் பல வாய்க்கால்களில் பாய்வதைப்போல அந்த உணர்வு பல ஞானிகளிடம் பாய்ந்தது. இயேசு அவற்றுள் ஒரு வாய்க்கால். அம்மாவின் செபமாலையை "வெளிப்பூச்சு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் நினைப்பது தவறா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

நான் குருவானவர் அல்லன். படித்ததையும் யோசித்ததையும் மட்டுமே சொல்ல முடியும். உங்கள் தேடலில் ஒரு பாதி திருச்சபைக்குப் புதியதே அல்ல. "இனி வாழ்பவன் நான் அல்ல, கிறிஸ்துவே என்னுள் வாழ்கிறார்" என்று கலாத்தியருக்கு எழுதியவர் பவுல். இறைவாக்கு ஆன்மாவுக்குள் பிறக்கவேண்டும் என்று எக்கார்ட் என்ற டொமினிக்கன் துறவி ஜெர்மனியில் மறையுரை ஆற்றி எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கூற்றுகள் சிலவற்றை 1329இல் திருத்தந்தை கண்டித்தார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த உள்முகப் பார்வை அதனால் அழிந்துவிடவில்லை. ஆகவே கிறிஸ்துவை உள்ளே தேடுவதற்காக நீங்கள் கோயிலைவிட்டு வெளியேறவேண்டிய தேவை இல்லை.

சிக்கல் மறுபாதியில் இருக்கிறது. இயேசு வேறு, கிறிஸ்து வேறு என்ற கருத்தை நவீனமானது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே செரிந்துஸ் என்பவர், திருமுழுக்கின்போது கிறிஸ்து புறாவைப்போல இயேசுவின்மேல் இறங்கினார், பாடுகள் தொடங்கும் முன் அவரைவிட்டு விலகிவிட்டார் என்று போதித்ததாக, ஏறக்குறைய கி.பி. 180இல் எழுதிய ஆயர் இரேனியுஸ் கூறுகிறார். அதாவது, அடிபட்டதும் இறந்ததும் நாசரேத்துக்காரர் மட்டுமே. கிறிஸ்துவுக்கு ஒரு கீறலும் இல்லை. துன்பத்தைத் தொடாத கடவுள் தூய்மையானவராகத் தெரிவார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அவரிடம் போய் என்ன சொல்லி அழமுடியும்?

இதற்கு 451இல் ஆயர்கள் கூடிய கால்சிதோன் பொதுச்சங்கம் தந்த விடையை நிதானமாக வாசியுங்கள். ஒரே ஆள், இரண்டு இயல்புகள்: இறையியல்பு, மனித இயல்பு. அவை கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன. நான்கு சொற்களும் எதிர்மறை. எப்படி இணைந்திருக்கின்றன என்று அந்த ஆயர்கள் விளக்கவில்லை. எப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று வேலி கட்டிவிட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் நிறுத்திக்கொண்டார்கள். சமய வாதங்களில் இத்தனை அடக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடும் உங்கள் நூல்களைவிட இந்தச் சங்கம்தான் மறைபொருளை மறைபொருளாகவே விட்டுவைத்தது என்பது என் கருத்து.

மறைஞானிகள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றும் எண்ணவேண்டாம். எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே ஞானம் உண்டு என்ற, அன்னி பெசன்ட் தலைமையிலான பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி), 1909இல் அடையாற்றில் கண்டெடுத்த சிறுவன் கிருஷ்ணமூர்த்தியை, வரப்போகும் உலக குருவுக்கு உடலாக அமையப்போகிறவன் என்று வளர்த்தது. உங்கள் உவமையில் சொன்னால், அடுத்த வாய்க்கால் தயார். அந்தச் சபையின் ஜெர்மன் கிளைக்குத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஸ்டைனர் இதை ஏற்க மறுத்தார். கிறிஸ்து ஒரே ஒருமுறைதான் உடலெடுத்தார், சிலுவை நின்ற கொல்கொதாவில் நிகழ்ந்தது மீண்டும் நிகழாதது என்பது அவருடைய நிலைப்பாடு. இந்தப் பூசலால் 1913இல் அவர் பிரிந்தார். 1929இல் கிருஷ்ணமூர்த்தியே தமக்காக ஏற்படுத்தப்பட்ட அமைப்பைக் கலைத்துவிட்டார். ஸ்டைனரும் இயேசுவையும் கிறிஸ்துவையும் வேறுபடுத்தியவர்தாம். ஆயினும் சிலுவையிலிருந்து கிறிஸ்துவை விலக்கிவிட அவர் துணியவில்லை.

உங்கள் உவமைக்கே வருகிறேன். நாம் டெல்டாக்காரர்கள், வாய்க்காலை அறிந்தவர்கள். தண்ணீர் வந்தால் வாய்க்கால் மகிழ்வதில்லை. கடைமடை காய்ந்தால் அது வருந்துவதுமில்லை. கரை உடைந்தாலும் வலி உழவனுக்குத்தான். வாய்க்காலுக்குத் தாகம் எடுப்பதில்லை. யோவான் நற்செய்தியிலோ, "வாக்கு மனிதர் ஆனார்" என்று தொடக்கத்தில் சொல்லப்படுகிறவரே, சிலுவையில் "தாகமாய் இருக்கிறது" என்கிறார். எல்லா நற்செய்திகளிலும் உயரப் பறப்பது என்று மறைஞானிகள் கொண்டாடும் நற்செய்தி இது. தாகத்தைச் சொல்வதும் இது ஒன்றுதான்.

நம் ஆற்றங்கரையிலேயே இதை வாழ்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1950இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கிய மோன்ஷனன், லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்களும் மூவொரு கடவுளைச் சச்சிதானந்தமாகத் தியானித்தார்கள். ரமணரைக் கண்ட பிறகு லெ சோ அத்வைதத்தில் ஆழ இறங்கினார், மோன்ஷனன் தயங்கினார். இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அந்த இழுபறி லெ சோவைக் கடைசிவரை விடவுமில்லை. இருந்தும் அவர் திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் பேருந்து ஏறிப் போய்வாருங்கள், அதிக தூரமில்லை.

அம்மாவிடம் சொன்ன அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்; விளக்கமெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் அவர் செபமாலையில் சொல்வன ஐந்து: இரத்த வியர்வை, கற்றூணில் அடி, முள்முடி, சிலுவை சுமந்தது, சிலுவையில் இறந்தது. ஐந்தும் உடம்பைப் பற்றியவை. இன்று துயர மறையுண்மைகள் எனப்படும் இவற்றை அவர் தலைமுறையினர் "துக்க தேவ இரகசியங்கள்" என்றுதான் சொல்வார்கள். வரும் வெள்ளியன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தையும் சேர்ந்து சொல்லுங்கள். பிறகும் கேள்வி மிச்சமிருந்தால் எனக்கு எழுதுங்கள்.