எடிட்டருக்குக் காசு கொடுக்கலாமா? கேள்வி பதில்

பதினாறு வருடமாகப் பிறர் எழுத்தைத் திருத்திப் பிழைக்கிறேன். அதனால் என் பதில்களில் தொழில் பாசம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

சேலத்திலிருந்து: அக்கா, முதல் நாவல், 40,000 சொற்கள். அமேசான் கிண்டிலில் மின்னூலாக நானே போடப்போகிறேன். எடிட்டிங்குக்கு 20,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம். விலை 100 ரூபாய், ராயல்டி 35 சதவீதம் என்றால், வரியை விட்டுவிட்டாலும் 572 பிரதி விற்றால்தான் அந்தக் காசு திரும்பும். இந்தியாவில் 70 சதவீதம் வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்கிற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. அப்போதும் குறைந்தது 286 பிரதி. முதல் நாவலுக்கு இரண்டுமே பெரிய எண்தான். போட்டது திரும்பி வரும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், எந்த வேலைக்கு அந்த 20,000? எடிட்டிங் என்கிற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலை இருக்கிறது. கதை எங்கே இழுக்கிறது, எந்தப் பாத்திரம் சும்மா நிற்கிறது என்று சொல்வது ஒன்று. வாக்கியங்களைச் செம்மையாக்குவது இன்னொன்று. மூன்றாவது, மெய்ப்பு பார்ப்பது, அதாவது எழுத்துப்பிழை களைவது. கையில் காசு குறைவென்றால் மெய்ப்புக்கு மட்டும் கொடுங்கள். தன் பிழை தன் கண்ணுக்குப் படவே படாது. வாக்கியங்களுக்கு, இரண்டு மாதம் கோப்பைத் திறக்காமல் வைத்திருந்துவிட்டு, பிறகு சத்தமாகப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் எழுத்திலும் கோளாறு இருக்கும். கதைக்கு, நிறையப் படிக்கிற, உங்களுக்குச் சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் போதும்.

யாரிடம் கொடுத்தாலும், முன்பணத்துக்கு முன்னால் நான்கு பக்கம் மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள். எதை மாற்றினார் என்பது தெரிகிற மாதிரி.

கோவையிலிருந்து: வாணி, நாவி என்று இணையத்தில் பிழை பார்க்கும் இலவசத் திருத்திகள் இருக்கும்போது ஆள் எதற்கு?

நானும் இரண்டையும் பயன்படுத்துகிறேன். ஆனால் "குழந்தை பல்லிக்குப் போனது" என்று நீங்கள் எழுதினால், பல்லியும் நல்ல தமிழ்ச்சொல்தானே? மூன்றாம் அத்தியாயத்துச் சித்தப்பா பன்னிரண்டில் மாமா ஆகிவிட்டதை எந்தத் திருத்தியும் கேட்காது.

திருச்சியிலிருந்து: எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள்...

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தின் அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். எடிட்டிங் செய்யப்போவது யார் என்று கேளுங்கள். மாதிரிப் பக்கம் கேளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: காசு கொடுத்துத்தான் செய்தேன் அக்கா. என் பாட்டி பாத்திரம் "வெஞ்சனம்" என்று சொல்கிற இடமெல்லாம் "தொடுகறி" என்று மாற்றிவிட்டார் எடிட்டர்.

படித்ததும் வயிறு எரிந்தது. நானும் இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிழவியின் பேச்சில் இருந்த "வெள்ளன"வை "அதிகாலையில்" என்று மாற்றினேன். எழுதியவர் போன் செய்து, "எங்க அப்பத்தா ரேடியோவுல செய்தி வாசிச்சதே இல்லம்மா" என்றார். அன்றோடு விட்டேன்.

சென்னையிலிருந்து: வாசகருக்குப் புரிய வேண்டாமா? பாதிப் பேர் வெஞ்சனம் என்கிற சொல்லைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

"சோறு இருக்கு, வெஞ்சனந்தான் இல்ல" என்றால் புரியாதா? எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தன் கரிசல் வட்டாரச் சொற்களை மாற்றிக்கொண்டிருக்கவில்லை. தொகுத்து 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியாகவே கொண்டுவந்தார்.

மறுபடி சென்னை: எடிட்டர் கை வைக்கவே கூடாதென்றால் அவருக்கு எதற்குக் காசு?

அப்படிச் சொல்லவில்லை. ஒரே நாவலில் வெஞ்சனம், வெஞ்ஜனம், வெஞ்சணம் என்று மூன்று விதமாக வந்திருக்கும். எது வேண்டும் என்று கேட்டு, சொற்பட்டியல் போட்டு, கடைசிவரை ஒன்றாகவே காப்பாற்றுவது அவர் வேலை. கதைசொல்லியின் நடையில் அந்தச் சொல் இடறினால் ஓரத்தில் கேள்வி எழுதலாம். எழுதியவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. இதையெல்லாம் நான்கு பக்க மாதிரியிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து: எடிட்டருக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூரிலிருந்து: கவிதைத் தொகுப்புக்குமா?

மெய்ப்பு மட்டும். சேலம், சேலம்.

மதுரையிலிருந்து: பிழைகளோடு கிண்டிலில் ஏற்றிவிட்டேன்.

திருத்திய கோப்பை மறுபடி ஏற்றலாம். ஏற்கெனவே வாங்கியவர் பிரதி தானாக மாறாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பா? அப்படியென்றால் துணைக்கால் வரவேண்டிய இடத்தில் "ர" உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து: அக்கா, பேசிவிட்டேன். வெஞ்சனத்தைத் திருப்பி வைக்க இன்னொரு 1,500 ரூபாய் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்.