நடு உறுப்பை ஏன் பிரிக்கிறோம்?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு 6க² − 7க − 20 என்ற கோவையைக் காரணிப்படுத்த வேண்டும். (தட்டச்சு வசதிக்காக மாறியைக் ‘க’ என்று எழுதுகிறேன்.) பெருக்கினால் −120, கூட்டினால் −7 வரும் எண்கள் −15, 8 என்று கண்டுபிடித்துவிடுகிறான். உடனே (க − 15)(க + 8) என்று எழுதிவிடுகிறான். தப்பு என்று தெரிகிறது, விளக்கத் தெரியவில்லை. 6-ஐயும் 20-ஐயும் எதற்குப் பெருக்குகிறோம்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

அவன் விடையை அவனையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். க² − 7க − 120 வரும். நடு உறுப்பு அச்சாகப் பொருந்துகிறது, அதனால்தான் பிள்ளைகளுக்குச் சந்தேகமே எழுவதில்லை. 6 எங்கே போயிற்று என்று கேளுங்கள். க²-இன் கெழு 1 ஆக இருந்தால்தான் அந்த எண்களை நேராக அடைப்புக்குள் போடலாம். இங்கே அவை நடு உறுப்பின் இரண்டு துண்டுகள் மட்டுமே.

ஏன் பெருக்குகிறோம் என்பது விடையிலிருந்து பின்னோக்கி வந்தால் புரியும். சரியான விடை (2க − 5)(3க + 4). இதை விரித்தால் நடுவில் விழும் துண்டுகள் 2 × 4 = 8, −5 × 3 = −15. இவ்விரண்டின் பெருக்கலில் 2, 4, −5, 3 நான்கும் இருக்கின்றன. அதே நான்கை மாற்றிச் சேருங்கள்: 2 × 3 = 6, −5 × 4 = −20. முதல் கெழுவும் மாறிலியும் வந்துவிட்டன! பள்ளியில் இதைக் காட்டாமல் வழிமுறையை மட்டும் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எண்களைத் தேடும்போது 1 × 120-இல் தொடங்க வேண்டாம். வித்தியாசம் 7 தான். ஆகவே நடுவிலிருந்து வாருங்கள். 10 × 12, வித்தியாசம் 2. அடுத்தது 8 × 15, கிடைத்துவிட்டது. கூட்டல் −7 என்பதால் பெரிய எண்ணுக்குக் கழித்தல் குறி.

இனி 6க² + 8க − 15க − 20. முதல் இரண்டில் 2க பொது: 2க(3க + 4). அடுத்த இரண்டில் −5-ஐ வெளியே எடுக்கும்போதுதான் பலர் −5(3க − 4) என்று சறுக்குகிறார்கள். −20-ஐ −5-ஆல் வகுத்தால் +4. இரண்டு அடைப்புகளும் ஒன்றாக இல்லையென்றால் குறியில்தான் பிழை, அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள்.

எண்களே கிடைக்காவிட்டால் நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதல் கெழு × மாறிலியின் நான்கு மடங்கைக் கழியுங்கள். இங்கே 49 + 480 = 529, அது 23². மாறிலி −19 ஆக இருந்திருந்தால் 505. அது முழு வர்க்கம் இல்லை. எவ்வளவு தேடினாலும் முழு எண்களில் காரணி கிடைக்காது.